கிணற்று வாயில் உட்கார்ந்தவர்

மணி மூன்று இருபது. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. என் மகன் சேகரன் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தங்கை கமலாவின் கையில் கொடுத்து, "மணி பாத்துக்க. அஞ்சு நிமிஷத்துல மேல வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்புறத்துக் கிணற்றுக்குள் இறங்கினான். அவனுக்கு வயது பதினேழு. அவளுக்குப் பன்னிரண்டு. சொன்னதைச் செய்யும் பெண். முள்ளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மூன்று இருபத்தைந்துக்கு "அண்ணே" என்று கூப்பிட்டாள். பதில் வரவில்லை.

நான் அப்போது பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

மகனைப் பற்றி என்னால் எழுத முடியாது. பலமுறை முயன்று விட்டுவிட்டேன். அந்தக் கிணற்றின் வாயில் உட்கார்ந்துகொண்டு என்னை உள்ளே போகவிடாமல் தடுத்த ஒரு மனிதரைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஏழு வருடங்களாக அவரை மனத்துக்குள் திட்டிக்கொண்டிருக்கிறேன். திட்டும்போதெல்லாம் பக்கத்து அறையில் கமலா மூச்சுவிடும் சத்தம் எனக்குக் கேட்கிறது.

அவருக்குப் பெயர் உண்டு. ஒருமுறை சொன்னார். எங்கள் வாயில் நுழையவில்லை. பினாங்கின் சூலியா தெருவில் எல்லோரும் 'புகாரா பாய்' என்பார்கள். கூப்பிட்டவர்களை அவர் ஒவ்வொரு தடவையும் திருத்துவார். "புகாரா அமீர் இருக்கிற ஊரு. என் ஊரு நூராத்தா. புகாராவில இருந்து ஒட்டகத்துல அஞ்சு நாள்." அடுத்த நாளும் அவர்கள் புகாரா பாய் என்றே கூப்பிடுவார்கள். அடுத்த நாளும் அவர் திருத்துவார்.

நல்ல உயரம். தலையில் சப்பையான கறுப்புத் தொப்பி. நாலு பக்கமும் வெள்ளை நூலில் மிளகாய் மாதிரி ஒரு பூவேலை. கிணறு தூர்வாருவது அவருடைய தொழில். ஊருக்குள் குழாய்த் தண்ணீர் வந்து வெகுநாள் ஆகிவிட்டாலும், குளிக்கவும் துவைக்கவும் கொல்லைக் கிணறுகளை ஜனங்கள் விட்டுவிடவில்லை. வருடத்துக்கு ஒருமுறை அவரைக் கூப்பிடுவார்கள்.

வந்ததும் வேலையைத் தொடங்கமாட்டார். வெளுத்த வெள்ளைச் சட்டை ஒன்றை மாற்றிக்கொள்வார். சேற்றில் இறங்குகிறவருக்கு எதற்கு வெள்ளைச் சட்டை என்று நான் கேட்டதில்லை. பிறகு யோசித்தபோது தெரிந்தது, மேலே வராமல் போனால் அதுவே சவத்துணி. ஒரு அகல்விளக்கைக் கூடையில் வைத்துக் கயிற்றில் இறக்குவார். அது அடியைத் தொட்டதும் கிணற்று வாயின் குறுக்கே கால்களைப் பரப்பி உட்கார்ந்துவிடுவார். அரைமணி, சில நாள் ஒரு மணி. உள்ளே கெட்ட காற்று இருந்தால் விளக்கு அணைந்துவிடும். எரிந்தபடி மேலே வந்தால்தான் எழுந்திருப்பார். அதுவரைக்கும் யாரும் எட்டிப் பார்க்கக்கூட முடியாது.

பக்கத்து வீட்டில் ஒரு ஆச்சி இருந்தார்கள், செட்டிநாட்டுக்காரர். நாக்கு நீளம், மனசும் பெரிசு. "உக்காந்து திங்கிறவன எங்க ஊர்ல பாத்திருக்கேன். உக்காந்து சம்பாதிக்கிறவர இங்கதான்லா பாக்குறேன்" என்று அவர் காதுபடவே சொல்வார்கள்.

"சபர், ஆச்சி" என்பார் அவர். பொறுமை என்று அர்த்தம். மலாய்க்காரர்களும் அதைத்தான் சொல்கிறார்கள், தன் ஊரிலும் அதே சொல்தான் என்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம். "முதல்ல விளக்கு. பிறகு ஆளு. முதல்ல ஆளுன்னா, பிறகு இன்னொரு ஆளு. பிறகு இன்னொரு ஆளு."

இன்னொரு ஆள் என்பதுதான் அவருடைய பயமெல்லாம். அது கிணற்றோடு நிற்கவில்லை. என் கணவர் துறைமுகத்தில் குமாஸ்தா. ஒருநாள் முகம் சிவந்து வீட்டுக்கு வந்தார். சரக்கு இறக்கும் தொங்கான் படகுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு கூலியாள் விழுந்துவிட்டானாம். கடல் இழுப்பு அதிகமான நேரம். அவனுடைய தம்பி குதிக்கப் போயிருக்கிறான். அந்தப் பக்கமாக வந்த புகாரா பாய் அவனைக் கீழே தள்ளி, முதுகின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாராம். நாலு பேர் சேர்ந்து அடித்தும் எழுந்திருக்கவில்லை. விழுந்தவன் மேலே வரவே இல்லை.

"அந்தத் தம்பிக்காரன் இவரு மூஞ்சியில காறித் துப்பினான்" என்றார் என் கணவர். "இவரு துடைச்சுக்கிட்டு என்ன சொன்னாரு தெரியுமா? 'துப்பட்டும். துப்புறதுக்கு ஆளு இருக்கு'ன்னாரு. என்ன மனுஷன் இவரு?"

"கல்லு" என்றேன் நான்.

அதற்கு அடுத்த விடுமுறையில் அவர் கொல்லையில் வீட்டை ஒட்டியிருந்த எங்கள் முன்கிணற்றைத் தூர்வார வந்திருந்தார். விளக்கு உள்ளே இருந்தது. அவர் கிணற்று வாயில் உட்கார்ந்திருந்தார். நான் கொல்லைப் படியில் அமர்ந்து மாணவிகள் வரைந்த வரைபடங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். பெண்கள் பள்ளியில் பூகோளம் என் பாடம். மடியில் பெரிய நிலப்படப் புத்தகம் திறந்திருந்தது.

"அதுல என் ஊரு இருக்கா, டீச்சரம்மா?"

தேடினேன். சமர்கந்து இருந்தது. புகாரா இருந்தது. இரண்டுக்கும் வடக்கே மணலைக் குறிக்கும் புள்ளிகள், அவ்வளவுதான். பென்சிலால் உத்தேசமாக ஒரு புள்ளி வைத்து அவரிடம் நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"இது ஆத்துக்குக் கிட்ட வருது. எங்க ஊர்ல ஆறு கிடையாது."

இருந்த இடத்திலிருந்தே குனிந்து, அடுப்புக்கரித் துண்டு ஒன்றை எடுத்துச் சிமெண்டுத் தரையில் வரைய ஆரம்பித்தார். தெற்கே மலை. மரமில்லாத மலை, குளிர்காலத்தில் தலையில் பனி இருக்கும், வெயில் ஏறும்போது அதுவும் போய்விடும். மலையடியில் ஒரு குன்று. குன்றின்மேல் மண்கோட்டை. பழைய கிரேக்க ராஜா சிக்கந்தர் கட்டியது என்பார்களாம். இப்போது மழையில் நனைந்த வெல்லக்கட்டி மாதிரி கரைந்துபோய் நிற்கிறது. கோட்டைக்குக் கீழே ஒரு ஊற்று. பக்கத்தில் பள்ளிவாசல், முசுக்கட்டை மரங்கள். ஊற்றில் கறுத்த மீன்கள் நூற்றுக்கணக்கில் நெளியும். பஞ்சத்திலும் யாரும் பிடித்ததில்லை. பிடிக்கக் கை நீட்டிய பிள்ளைகளை யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்காமல் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். வடக்கே கடைசி வீட்டைத் தாண்டினால் மணல்.

"இந்தக் கடல் மாதிரி. கப்பல்தான் கிடையாது."

"ஆறு இல்லாம வயலுக்குத் தண்ணி?"

மலையிலிருந்து வயல்வரைக்கும் வரிசையாக வட்டங்கள் போட்டார். ஒவ்வொரு வட்டமும் ஒரு கிணற்று வாய். அடியில் எல்லாவற்றையும் சேர்த்துக் குடைந்த ஒரு வழி. ஒரு ஆள் குனிந்து போகலாம். தோண்டிய மண் ஒவ்வொரு வாயைச் சுற்றியும் புற்று மாதிரி குவிந்திருக்கும். கோட்டைமேல் ஏறிப் பார்த்தால் பூமியில் தையல் போட்டது போலத் தெரியுமாம்.

"மலையில இருந்து தண்ணிய வெயிலுக்குத் தெரியாம கொண்டாருவோம்" என்றார். பிறகு என் புத்தகத்தைக் காட்டினார். "உங்க படத்துல தண்ணியெல்லாம் மேல ஓடுது. எங்க ஊருது கீழ ஓடுது. அதான் காணோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் ஐந்தாவது வட்டத்தின்மேல் கரியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அது பொடியாகும்வரை அழுத்தினார்.

அந்தக் கிணற்றில் அவருடைய அப்பா வண்டல் அள்ள இறங்கினார். சத்தம் இல்லை. மூத்த அண்ணன் இறங்கினான். சத்தம் இல்லை. அடுத்த அண்ணன் இறங்கினான். இவருக்கு அப்போது பதினைந்து. இவர் ஓடி வருவதற்குள் ரொட்டி கொண்டுவந்த அம்மா அந்த வாயின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"ஊர் வழக்கம் அது. ஆளு விழுந்தா, விளக்கு எரியுற வரைக்கும் வாயில ஒருத்தர் உக்காரணும். கிழவங்க யாராவது உக்காருவாங்க. வேத்து ஆளு உக்காருவாங்க. பெத்த பிள்ளை உள்ள கிடக்க, பெத்தவ உக்காந்தது அன்னைக்குத்தான்." கையிலிருந்த கரியைத் தட்டிவிட்டு, "நான் அடிச்சேன். அம்மாவ. குச்சியால" என்றார்.

"அப்புறம் மன்னிச்சுட்டீங்களா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அவங்க கையால சாப்பிட முடியல. ஹஜ்ஜுக்குப் போற கூட்டத்தோட கிளம்பிட்டேன். மக்காவுல கேட்டுப் பாத்தேன், மனசு இறங்குதான்னு. இறங்கல. திரும்பறதுக்கு ரெண்டு கப்பல் நின்னுச்சு. பம்பாய்க் கப்பல், அது வீட்டுக்கு வழி. இன்னொண்ணு பினாங்கு ஹாஜிங்க வந்த கப்பல். அதுல ஏறிட்டேன்."

"இப்ப அம்மா இருக்காங்களா?"

"வழி தூரம், டீச்சரம்மா."

கயிற்றை இழுத்தார். விளக்கு எரிந்துகொண்டுதான் வந்தது. வெள்ளைச் சட்டையின் முனையைச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார்.

அன்று மாலை என் கணவரிடம் இதையெல்லாம் சொன்னேன். "இப்படியும் ஒரு தாயா?" என்றேன். அந்தத் தாயைப் பற்றித்தான் அப்படிச் சொன்னேன் என்பதை இங்கே மறைக்காமல் எழுதிவைக்கிறேன்.

பிறகு அந்த வறண்ட வருடம் வந்தது. குழாயில் காலையில் இரண்டு மணி நேரம்தான் தண்ணீர். முன்கிணறு கலங்கிவிட்டது. எங்கள் நாலு வீட்டுக்கும் பொதுவாகக் கொல்லையின் கோடியில் ஒரு பழைய கிணறு உண்டு. பல வருடங்களாகப் பலகை போட்டு மூடியிருந்தது. அதைத் திறக்கலாம் என்றார்கள் ஆச்சி. புகாரா பாய் வந்து பலகையை எடுத்தார். உள்ளே வற்றிய தரை. மக்கிய இலைக் குப்பை. விளக்கை இறக்கினார். முக்கால் ஆழம் போவதற்குள் அணைந்தது. மறுபடி இறக்கினார். அதே இடத்தில் அணைந்தது.

நாலு வீட்டாரையும் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார். "மூணு நாள் திறந்து கிடக்கட்டும். தினம் நாலு மணிக்கு வருவேன். இலைக்கட்ட ஏத்தி இறக்கிக் கெட்ட காத்த வெளிய எறைப்பேன். யாரும் இறங்கக்கூடாது." கிணற்றைச் சுற்றிக் கயிறு கட்டி, அதில் ஒரு சிவப்புத் துணியையும் முடிந்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை, கலங்கல் தண்ணீரை வடிகட்டிக்கொண்டே நான் சலித்துப்போய்ச் சொன்னேன். "மூணு நாள் உக்காரப் போறாரு. உக்காரத்தான் தெரியும் அந்த மனுஷனுக்கு. எல்லாரையும் மிரட்ட ஒரு விளக்கு."

சேகரன் சிரித்தான். "அம்மா, நான் கெமிஸ்ட்ரி படிச்சவன். நானே விளக்க விட்டுப் பாக்குறேனே. எரிஞ்சா, பாய் வர்றதுக்குள்ள குப்பைய அள்ளி வெச்சுடுறேன். வந்து எதுல உக்காருவாருன்னு பாப்போம்."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பள்ளிக்கு நேரமாகிவிட்டது. நானும் சிரித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவன் விளக்கை விட்டுத்தான் பார்த்திருக்கிறான். கண்மூடித்தனமாக இறங்கவில்லை, அதை மட்டும் யாரும் சொல்லக்கூடாது. ஆனால் கட்டியது துணி காயப்போடும் கொடிக்கயிறு. அது கிணற்றின் பாதிக்குத்தான் எட்டியது. பாதியில் விளக்கு நன்றாக எரிந்தது. "பாத்தியா?" என்று கமலாவிடம் காட்டியிருக்கிறான். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றினான்.

நடந்து முடிந்த பின்னால் வந்த செய்திகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடியைத் தொட்ட இரண்டு மூன்று நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்றார் டாக்டர். யார் எந்த வழியாக இறங்கியிருந்தாலும் பயனில்லை, இறங்கியவரும் அங்கேயே கிடந்திருப்பார் என்றார். அதை நான் எத்தனையோ தடவை எனக்கே சொல்லிக்கொண்டுவிட்டேன். தெரிந்துகொள்வது ஒரு காரியம், தாங்கிக்கொள்வது வேறு காரியம். புகாரா பாய் அதற்குப் பிறகு எங்கள் வரிசைக்கு வரவில்லை. என் கணவர் அவரைத் தேடிப்போனார். புக்கிட் மெர்தாஜாம் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அங்கேயும் போய் விசாரித்துவிட்டு வந்தார். என்னையும் கூப்பிட்டார். நான் போகவில்லை. கமலாவுக்கு இப்போது பத்தொன்பது வயது. ஆசிரியப் பயிற்சிக்குப் போய்வருகிறாள். அவள் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டால் நான் வெளியே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பேன். ஒருநாள்கூட அவள் சலித்துக்கொண்டதில்லை. இடது மணிக்கட்டு இன்னும் சற்றுக் கோணல்தான்.

அந்த மணிக்கட்டு இப்படி உடைந்தது.

"அம்மா, அண்ணன் பேச மாட்டேங்குது" என்று அவள் கத்தியது கேட்டு நான் ஓடினேன். சிவப்புத் துணி கட்டிய கயிறு தரையில் கிடந்தது. அவள் ஒரு காலைக் கிணற்றுக்குள் விட்டு, சுவரில் பதித்த இரும்புப் படியைத் துழாவிக்கொண்டிருந்தாள். நான் கையை நீட்டினேன். அவளை மேலே இழுக்க நீட்டினேனா, அவளை விலக்கிவிட்டு நான் இறங்க நீட்டினேனா, இன்றுவரை தெரியாது.

நாலு மணிக்கு வருகிறவர் அன்று முன்கூட்டியே வந்தார். பின்சந்துக் கதவு வழியாக, தோளில் இலைக்கட்டோடு. கமலாவின் பின்னலைப் பிடித்து வெளியே வீசினார். அவள் துவைகல்லில் போய் விழுந்தாள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. என்னைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, வாயின் குறுக்கே உட்கார்ந்தார்.

அவருடைய கால்களுக்கு நடுவே கீழே பார்த்தேன். நாலு ஆள் ஆழம். இலைக் குப்பைமேல் குப்புறக் கிடந்தான். சட்டையின் முதுகு மட்டும் தெரிந்தது.

"விடுங்க. எம்புள்ள."

"ஒண்ணு போச்சு, டீச்சரம்மா. ஒண்ணோட நிக்கட்டும்."

"போகல. அவன் போகல. மயக்கம்தான். விடுய்யா."

"சபர்."

பக்கத்தில் கிடந்த தகர வாளியால் அவரை அடித்தேன். நெற்றி கிழிந்தது. இரண்டாவது தடவையும் அடித்தேன். கையை உயர்த்தித் தடுக்கக்கூட இல்லை. இரண்டு கைகளும் கிணற்றுக் கல்லைப் பிடித்திருந்தன. நான் படித்தவள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவள். அன்று என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை ஆச்சி இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆச்சியைப் பார்த்துத்தான் அவர் பேசினார். "டெலிபோன் இருக்கிற கடைக்குப் போங்க. கிணத்துல ஆளுன்னு சொல்லுங்க." ஆச்சி அந்த உடம்போடு ஓடினார்கள்.

பிறகு ஒரு கையால் கல்லைப் பிடித்தபடி மறுகையால் இலைக்கட்டைக் கயிற்றில் இறக்கினார். மேலே இழுத்தார். இறக்கினார். இழுத்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து எழாமலே. புளித்த நாற்றம் ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. கமலாவிடம், "பாப்பா, நல்லா இருக்கிற கையால விளக்க ஏத்து" என்றார். அவள் உடைந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு, அழுதுகொண்டே ஏற்றிக் கொடுத்தாள். அவருக்கு அவள் உதவியதற்காக அந்த நிமிடத்தில் நான் அவளையும் வெறுத்தேன்.

விளக்கு இறங்கியது. அணைந்தது.

மறுபடி இலைக்கட்டு. மறுபடி விளக்கு. முன்னைவிடக் கொஞ்சம் கீழே போய் அணைந்தது. அவர் தன் பாஷையில் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். தொழுகையா, யாரோடாவது பேச்சா, எனக்குத் தெரியவில்லை. புருவத்தில் வழிந்த ரத்தத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். நான் எப்போது தரையில் உட்கார்ந்தேன் என்று நினைவில்லை. நினைவு வந்தபோது அவர் முதுகின்மேல் சாய்ந்திருந்தேன். அவர் கயிற்றை இழுக்கும்போதெல்லாம் அந்த முதுகு அசைந்தது. சாய்வதற்கு அங்கே வேறு எதுவும் இருக்கவில்லை.

மூன்றாவது முறை விளக்கு ஏறக்குறைய அடியைத் தொட்டது. அதன் வெளிச்சத்தில் சேகரனுடைய பிடரி மயிரைப் பார்த்தேன். பிறகு அதுவும் அணைந்தது.

பின்சந்தில் மணியடித்துக்கொண்டு தீயணைப்பு வண்டி வந்து நின்றது. நாலைந்து பேர் கயிறுகளோடு உள்ளே ஓடிவந்தார்கள். முன்னால் வந்தவர் தமிழர், ஐம்பது வயதிருக்கும், மீசை நரைத்திருந்தது. பின்னால் வந்தவர்கள் தூக்குக் கட்டில்களைச் சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்கள். அவர் கிணற்றைப் பார்த்தார், அதன் வாயில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார், கமலாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"கிணறுன்னு சொன்னாங்க. அதான் மூணு கட்டில் எடுத்தாந்தோம்" என்றார். "ஒருத்தர்தானா, அக்கா?"